பேசும்போது இணையம் நின்றால்

அண்ணே, சுங்கை சிப்புட் தோட்டத்து வீட்டில் அழைப்பு வந்தாலே வாட்ஸ்அப் நின்றுவிடுகிறது, 5ஜி ஃபோன் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். மலேசியாவில் 3ஜியை 2021 கடைசியோடு மூடிவிட்டார்கள். அதனால் வோல்டி (VoLTE, அதாவது 4ஜியிலேயே பேச வைக்கும் வசதி) ஓடாத ஃபோன், பேசுவதற்கு 2ஜிக்கு இறங்கிவிடும். பேசி முடிக்கும்வரை டேட்டா தடைபடும். சிம் அமைப்பில் ‘வோல்டி’ அல்லது ‘4ஜி காலிங்’ இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். இரண்டு சிம் என்றால் தனித்தனியாகப் போட வேண்டும். அப்புறம் யாரையாவது அழைத்துப் பாருங்கள்: பேசும்போதும் மேலே 4ஜி குறி நின்றால் சரி.

அந்த அமைப்பே இல்லையா? வெளிநாட்டு செட்டாக இருக்கலாம். அப்போதுதான் ஃபோனை மாற்றும் பேச்சு. அப்போதும் 5ஜி என்ற பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், பாதி விளம்பரக் கூத்து. செம்பனைக்குள் தூரம் போவது 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலைவரிசைதான். அந்த 900-க்கான 4ஜி பேண்ட் 8 ஃபோனில் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால் வைஃபை வழியாகவே பேச வைக்கும் வைஃபை காலிங்கையும் போட்டுவிடுங்கள்.