விலை கேட்டால் ‘இன்பாக்ஸ் வாங்க’ என்கிறீர்களே!

சமூக ஊடகத்தில் வாடிக்கையாளரோடு பேசுவது பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், படித்து முடிக்கவே ரெண்டு ராத்திரி ஆகிவிட்டது. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நான் விளம்பரத் துறை படித்தவள் இல்லை. 11 வருடமாகப் பிறர் தொழில்களின் கமெண்ட் பெட்டியில் உட்கார்ந்து பதில் எழுதுவதுதான் என் பிழைப்பு. என் பதில்கள் அந்தப் பக்கமாகவே சாயும், தெரிந்தே படியுங்கள்.

கேள்வி: அக்கா, ஆன்லைனில் துணி விற்கிறேன். தினமும் ரெண்டு பதிவு, ஆறு மாதமாக விடாமல் போடுகிறேன். பத்து லைக் தாண்டவில்லை. அதிலும் நாலு பேர் சொந்தக்காரர்கள். தளம் என்னை வேண்டுமென்றே அமுக்குகிறதா?

பதில்: உங்கள் மேல் அதற்குத் தனிக் கோபம் எதுவும் கிடையாது, தம்பி. முன்பெல்லாம் யார் கடைசியாகப் போட்டாரோ அவர் பதிவு மேலே நிற்கும். இன்ஸ்டாகிராம் 2016இல் அந்த வரிசையைக் கலைத்துவிட்டு, யாருக்கு எது பிடிக்கும் என்று தானே கணித்து அடுக்க ஆரம்பித்தது. ஃபேஸ்புக்கில் இந்த வேலை அதற்கும் முன்பே உண்டு. 2018 ஜனவரியில், நண்பர்களும் குடும்பத்தாரும் பேசிக்கொள்வதற்கே முதலிடம், நிறுவனப் பதிவுகள் இனிக் குறைவாகத்தான் தெரியும் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். ஆகவே உங்களைப் பின்தொடர்கிறவர்கள் எல்லோர் கண்ணிலும் உங்கள் பதிவு படாது. பார்த்தவர்கள் நின்று பார்க்கிறார்களா, ஏதாவது எழுதுகிறார்களா, இன்னொருவருக்கு அனுப்புகிறார்களா என்பதை வைத்துத்தான் அது மேற்கொண்டு பரவும்.

உங்கள் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். மடித்து வைத்த துணி, கீழே ‘புதிய வரவு’. மறுநாள் வேறு துணி, அதே ‘புதிய வரவு’. இதற்குப் பார்க்கிறவர் என்னதான் எழுதுவார்?

ஒரு நோட்டு எடுங்கள். ஒரு வாரம், போனிலும் மெசேஜிலும் மக்கள் கேட்பதை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே குறித்து வையுங்கள். ‘சாயம் போகுமா?’ ‘உள்ளே லைனிங் இருக்கா?’ ‘குள்ளமா இருக்கிறவங்களுக்குத் தரையில இழுபடுமா?’ ஒவ்வொன்றும் ஒரு பதிவு. வாளித் தண்ணீரில் அந்தத் துணியை முக்கிப் பிழிந்து, தண்ணீரின் நிறத்தைக் காட்டுங்கள். லேசாகச் சாயம் இறங்கினால் அதையும் மறைக்காமல், ‘முதல் ரெண்டு தடவை தனியா அலசுங்க’ என்று சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள், ‘வெயிலில் காயப்போடலாமா?’ என்று நாலு பேர் வருவார்கள். அவர்களுக்குப் பதில் எழுதுவதுதான் வேலையே. பதிவு போடுவது அந்தப் பேச்சை ஆரம்பிக்க ஒரு சாக்கு. தினமும் ரெண்டு வேண்டாம், வாரத்துக்கு மூன்று போதும்.

கேள்வி: விலையைக் கமெண்டிலேயே சொன்னால் போட்டிக்காரன் பார்த்துவிடுவானே? அதனால்தான் ‘இன்பாக்ஸ் வாங்க’ என்கிறோம்.

பதில்: போட்டிக்காரர் இன்பாக்ஸில் வந்து வாடிக்கையாளர் மாதிரிக் கேட்டால் சொல்லத்தானே போகிறீர்கள்? அவரிடமிருந்து விலையை ஒளிக்க முடியாது. ஒளிவது வாங்க நினைத்தவரிடமிருந்துதான். ஒருவர் விலை கேட்டு எழுதும்போது, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இன்னும் பலர் அதே கேள்வியோடு கீழே பார்க்கிறார்கள். ‘இன்பாக்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்ததும், ஆளுக்கு ஒரு விலை சொல்வார்களோ என்று சந்தேகம் தட்டும். அவ்வளவுதான், விரல் அடுத்த பதிவுக்குப் போய்விடும்.

அளவெடுத்துச் செய்யும் வேலை, ஆளுக்கு ஆள் மாறும் என்றால், ‘இதிலிருந்து இதுவரை வரும், அளவைப் பொறுத்து மாறும்’ என்று வரம்பையாவது பொதுவில் எழுதுங்கள். முகவரி, போன் எண், ஆர்டர் எண் இவற்றை மட்டும் தனிச் செய்தியில் வாங்குங்கள். கமெண்டில் யாராவது தன் எண்ணைப் போட்டிருந்தால் அதை மறைத்துவிடுங்கள். மோசடிக்காரர்கள் அங்கேதான் மேய்கிறார்கள்.

கேள்வி: எல்லாத் தளத்திலும் இருக்க வேண்டுமா மேடம்? ஒரே ஆள் நான்.

பதில்: வேண்டாம். வாடிக்கையாளர் ஏற்கெனவே எங்கே உங்களைத் தேடி எழுதுகிறாரோ அந்த ஒன்றில் இருங்கள், கூட வாட்ஸ்அப் பிசினஸ் (தொழில் செய்கிறவர்களுக்கான வாட்ஸ்அப் செயலி). மற்ற தளங்களில் பெயரை மட்டும் பதிந்து, ‘எங்களை இங்கே காணலாம்’ என்று ஒரு வரி. பூட்டிய கடையைவிட, திறந்து வைத்து ஆள் இல்லாத கடைதான் மோசம்.

கேள்வி: கூரியரில் பொருள் உடைந்துவிட்டது. எங்கள் தப்பே இல்லை. ஒருவர் பக்கத்தில் வந்து ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று எழுதிவிட்டார். உடனே அழித்து, பிளாக் செய்துவிட்டேன். இப்போது அவர் நண்பர்கள் எல்லோரும் வந்து எழுதுகிறார்கள். என்ன செய்ய?

பதில்: முதல் தவறு அழித்தது. ரெண்டாவது தவறு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: ‘எங்கள் தப்பே இல்லை.’ அவர் காசு கொடுத்தது உங்களிடம், கூரியரிடம் இல்லை.

கனடாவைச் சேர்ந்த டேவ் கரோல் என்ற இசைக்கலைஞரின் கிட்டார் 2008இல் யுனைடெட் விமானப் பயணத்தில் உடைந்தது. ஏறக்குறைய 9 மாதம் ஆள் மாற்றி ஆளிடம் அலைந்தார். இழப்பீடு கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். 2009 ஜூலையில் அவர் அந்தக் கதையையே பாட்டாக்கி யூடியூபில் போட்டார். சில நாட்களிலேயே லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் நிறுவனம் இறங்கி வந்தது. கிட்டாரை உடைத்தது சுமை தூக்கிய கைகள்தான். ஆனால் பாட்டு முழுக்க அடி வாங்கியது, ‘எங்கள் பொறுப்பு இல்லை’ என்று சொன்ன வாய்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: பிளாக்கை எடுங்கள். பொதுவில் எழுதுங்கள், ‘உங்கள் பதிவை அழித்தது என் தவறு. உடைந்த பொருளுக்கு மாற்று அனுப்புகிறேன், அல்லது பணத்தைத் திருப்புகிறேன், எது வேண்டும் என்று சொல்லுங்கள். ஆர்டர் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.’ இவ்வளவுதான். ‘ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்’ என்ற வாசகத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். அது மன்னிப்பு மாதிரி உடை போட்ட மழுப்பல். காரியம் முடிந்ததும் அதே இடத்தில் ‘மாற்றுப் பொருள் இன்று அனுப்பியாயிற்று’ என்று ஒரு வரி சேருங்கள். சண்டையைப் பார்த்தவர்கள் முடிவையும் பார்க்கட்டும்.

அவரே மீண்டும்: அக்கா, நீங்கள் சொன்னபடி செய்தேன். ஆனால் கூட்டத்தில் ஒருவர் எங்களிடம் வாங்கவே இல்லை, சும்மா திட்டுகிறார். அவருக்குமா பதில்?

பதில்: ஒரே ஒரு தடவை. ‘உங்கள் பெயரில் ஆர்டர் எதுவும் காணவில்லை, ஆர்டர் எண் இருந்தால் கொடுங்கள், உடனே பார்க்கிறேன்.’ அதற்குமேல் அவர் என்ன எழுதினாலும் மௌனம். கெட்ட வார்த்தை, சாதி, மதம், உடல் பற்றிய இழிவு வந்தால் யோசிக்காமல் மறைத்துவிடலாம். குறை சொல்வதை அழிக்காதீர்கள், வசையை அழியுங்கள்.

கேள்வி: ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் வருகிறது. பதில் சொல்லாவிட்டால் காலையில் கோபம். எனக்கும் குடும்பம் இருக்கிறது.

பதில்: இருக்கட்டும், தூங்குங்கள். ஆனால் தூங்குவதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தூங்குங்கள். 2013 செப்டம்பரில் ஒரு பயணி, தன் தந்தையின் பெட்டி தொலைந்த ஆத்திரத்தில், சொந்தக் காசில் விளம்பரம் வாங்கி பிரிட்டிஷ் ஏர்வேஸ் மீதான குறையை ட்விட்டரில் ஓடவிட்டார். ஊரெல்லாம் பார்த்துவிட்டது. பல மணி நேரம் கழித்து நிறுவனத்திடமிருந்து வந்த பதில், எங்கள் ட்விட்டர் நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை என்பது. நாளெல்லாம் பறக்கும் நிறுவனம் இப்படிச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். தனி ஆள் நடத்தும் தொழிலுக்கு அதே வாசகம் நியாயமானது, முன்பே சொல்லியிருந்தால்.

வாட்ஸ்அப் பிசினஸில் வேலை நேரத்துக்கு வெளியே தானாகப் போகும் செய்தி வைக்கலாம். ‘உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியம்’ என்று அதில் எழுதி வைக்காதீர்கள். ‘காலை 10க்குள் பதில் வரும்’ என்று எழுதுங்கள், 10க்குள் பதில் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்கள் மென்பொருளோடு இணைத்துப் பயன்படுத்தும் வாட்ஸ்அப் சேவையில் இன்னொரு கட்டு உண்டு: வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் இஷ்டம்போல் எழுதலாம். தாண்டினால், முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வாசகத்தை மட்டுமே அனுப்ப முடியும்.

கேள்வி: ‘மூன்று நண்பர்களை டேக் செய்தால் பரிசு’ போட்டி வைக்கலாமா?

பதில்: 2017 டிசம்பரிலேயே ஃபேஸ்புக், லைக் போடு, டேக் செய், பகிர் என்று பிச்சை கேட்கும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக அறிவித்துவிட்டது. அது கிடக்கட்டும். பரிசுக்காக வந்தவர் பரிசு முடிந்ததும் போய்விடுவார். கேட்டே ஆக வேண்டுமென்றால் பதில் உங்களுக்கு உதவுகிற கேள்வியாகக் கேளுங்கள். புத்தகப் பை செய்கிறவர் என்றால், ‘உங்கள் பையில் முதலில் கிழிந்தது எந்த இடம்?’ வந்த பதில்களைப் படித்து, அடுத்த பையில் அந்த இடத்தில் ரெட்டைத் தையல் போட்டு, சொன்னவர் அனுமதித்தால் அவர் பெயரோடு காட்டுங்கள்.

கேள்வி: ஃபாலோயர் வாங்கலாமா?

பதில்: 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் போலிக் கணக்குகளை மொத்தமாகத் துடைத்தபோது உலகப் பிரபலங்களுக்கே லட்சக்கணக்கில் சரிந்தது. ஆளில்லாத கணக்கு எதையும் வாங்காது, எழுதாது. வேண்டாம்.

கேள்வி: தினமும் குட் மார்னிங் படம்?

பதில்: அதை உங்கள் சித்தப்பா பார்த்துக்கொள்வார்.

கேள்வி: பழைய வாடிக்கையாளர்கள் எண் 400 இருக்கிறது. எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் சலுகை அனுப்பினேன், பாதிப் பேருக்குப் போகவே இல்லை.

பதில்: ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்ப உதவும் ப்ராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் அடங்குவார்கள். அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போகும். ரொம்ப நல்ல விதி என்பேன். பொருள் கொடுக்கும்போதே, ‘புது வரவு சொல்லட்டுமா? சொல்லலாம்னா எண்ணைச் சேமிச்சுக்கோங்க’ என்று கேளுங்கள். கேட்காமல் அனுப்பினால் ரிப்போர்ட் செய்வார்கள், எண் முடங்கும் அபாயமும் உண்டு.

கேள்வி: எங்கள் பையன் தன் சொந்தக் கணக்கு என்று நினைத்து, நிறுவனப் பக்கத்தில் நண்பர்களோடு அடித்த அரட்டையைப் போட்டுவிட்டான். வேலையை விட்டு அனுப்பவா?

பதில்: பாவம், விடுங்கள். 2011 பிப்ரவரியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ட்விட்டர் கணக்கில் ஓர் ஊழியர் பீர் குடிப்பது பற்றித் தவறுதலாக எழுதிவிட்டார். சங்கம் அதை அழித்ததோடு நிற்கவில்லை. அந்தப் பதிவை எடுத்துவிட்டோம், நாங்கள் போதையில்லாமல் தெளிவாகத்தான் இருக்கிறோம், வண்டிச் சாவியையும் பிடுங்கிவிட்டோம் என்ற பொருளில் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். ஊழியரும் ஒப்புக்கொண்டார், மக்களும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். தவறு யாரையும் புண்படுத்தாத வகை என்றால் நகைச்சுவை செல்லும். புண்படுத்தியிருந்தால் சிரிப்புக்கு இடமில்லை, நேரடியாக மன்னிப்புதான்.

கேள்வி: பதில் எழுத ஏஐ பயன்படுத்தலாமா?

பதில்: ‘எத்தனை மணி வரை திறந்திருக்கும்?’ போன்றவற்றுக்குத் தாராளமாக. கோபமாக எழுதியவருக்கு மட்டும் வேண்டாம். எழுத்துத் திணறினாலும் நீங்களே எழுதுங்கள். இயந்திரம் எழுதிய ஆறுதல் எனக்கு இப்போதெல்லாம் முதல் வரியிலேயே தெரிகிறது, அவருக்கும் தெரியும்.

கேள்வி: எந்த எண்ணிக்கையைப் பார்த்து ‘பலன் இருக்கிறது’ என்று முடிவு செய்வது? தளம் காட்டும் கணக்கு தலை சுற்றுகிறது.

பதில்: தளம் காட்டும் கணக்கே சில சமயம் தப்பு. 3 விநாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் வைத்து வீடியோக்களின் சராசரிப் பார்வை நேரத்தைக் கணக்கிட்டுவந்ததாகவும், அதனால் அது ஊதிப்போனதாகவும் 2016இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. நான் பார்ப்பது மூன்று: எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள், முதல் பதிலுக்கு எவ்வளவு நேரமானது, கேட்டவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள். மூன்றையும் கையால் நோட்டில் எழுதலாம். கூடவே, வாங்குகிற ஒவ்வொருவரிடமும் ‘எங்களை எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள்.

அந்த நோட்டு இன்னொன்றுக்கும் ஆகும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் 6 மணி நேரம் படுத்துவிட்டன. அன்று என்னோடு வேலை செய்தவர்களில், வாடிக்கையாளர் எண்களைத் தனியே எழுதி வைத்திருந்த ஒருவர் மட்டும் போன் போட்டு டெலிவரி சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற நாங்கள் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

கேள்வி: அப்பா 30 வருடமாகத் தையல் மெஷின் பழுது பார்க்கிறார். அவரை வைத்து வீடியோ போட ஆசை. கேமரா என்றாலே எழுந்து போய்விடுகிறார்.

பதில்: முகம் எதற்கு? கையைப் படமெடுங்கள். நூல் ஏன் அறுகிறது, ஊசி எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், எண்ணெய் எங்கே விட வேண்டும் என்று அவர் வந்தவரிடம் பேசுவாரே, இருவர் சம்மதத்தோடும் அதைப் பதிவு செய்யுங்கள். கேமராவுக்கு என்று பேசச் சொல்லாதீர்கள். யூடியூபில் மக்கள் ‘நூல் அறுந்துகொண்டே இருக்கிறது’ என்று தேடித்தான் வருவார்கள், ஆகவே தலைப்பும் அதே வார்த்தையில் இருக்கட்டும். சினிமாப் பாட்டு பின்னணி வேண்டாம், வணிகக் கணக்குகளுக்கு அந்த உரிமை பெரும்பாலும் கிடையாது. மெஷின் ஓடும் சத்தமே இருக்கட்டும், கீழே எழுத்து வரி சேருங்கள். கமெண்டில் வரும் கேள்விகளைச் சாயங்காலம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள்.