ஒரே பின்னணி இசை, மூன்று பதிப்புகள்: எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: ஒரு பழைய படத்தின் பின்னணி இசை என்னிடம் மூன்று விதமாக இருக்கிறது: 1980களில் வந்த சி.டி., பிறகு வந்த ‘ரீமாஸ்டர்’ (பழைய பதிவை மறுபடி பதப்படுத்தி வெளியிட்ட) சி.டி., 24 பிட் / 96 கிலோஹெர்ட்ஸ் டவுன்லோட். ரீமாஸ்டர் கேட்டவுடன் அசத்துகிறது, கொஞ்ச நேரத்தில் காது களைத்துவிடுகிறது. எதை நம்புவது?

பதில்: ஒலியளவைச் சமப்படுத்தாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலித்தாலே அந்தப் பதிப்புதான் தெளிவானது என்று காது சொல்லிவிடும். மூன்றிலிருந்தும் ஒரே இசைத்துண்டை ஆடாசிட்டி போன்ற இலவச எடிட்டரில் திறந்து, சராசரி உரப்பை அளந்து, சத்தமானதைக் குறையுங்கள். மெல்லியதை ஏற்றினால் உச்சங்கள் வெட்டுப்படும். வித்தியாசம் 0.2 டெசிபெலுக்குள் வரட்டும்.

அப்படியே அலைவடிவத்தையும் பாருங்கள். உச்சங்கள் கூராக இல்லாமல் வரிசையாக மழுங்கி, தட்டையாக நின்றால் லிமிட்டரை (உச்ச ஒலிகளை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாத கருவி) போட்டு அழுத்தியிருக்கிறார்கள். களைப்புக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தனியாக ஒலிக்கும் புல்லாங்குழலுக்கும் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவின் முழக்கத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் பின்னணி இசையின் உயிர் இருக்கிறது. அதைச் சுருக்கிய பதிப்பை, மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும், பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து இரைச்சல் நீக்கம். பழைய டேப் பதிவில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் அறவே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். ஒரு பகுதி முடிந்து ஒலி தேய்ந்து மறையும் கடைசி இரண்டு மூன்று வினாடிகளை ஹெட்போனில் கேளுங்கள். ரிவெர்ப் (அறையின் எதிரொலி) பட்டென்று அறுந்தாலோ, வயலின்களின் பின்னால் தண்ணீர் சலசலப்பு போல ஏதாவது கேட்டாலோ, இரைச்சலோடு இசையையும் துடைத்திருக்கிறார்கள். போனது திரும்பாது. இரைச்சல் இருக்கும் பதிப்பே மேல்.

பழைய சி.டி.யில் வேறு இரண்டு சிக்கல்கள் வரும். எல்.பி. இசைத்தட்டு வெட்டுவதற்காக எடுத்த நகல் டேப்பிலிருந்து அது தயாராகியிருக்கலாம். நகலுக்கு நகல் இரைச்சல் கூடும், உயர் ஒலிகள் மங்கும். இன்னொன்று ப்ரீ-எம்ஃபசிஸ். அக்காலச் சில சி.டி.க்களில் உயர் அதிர்வெண்களை, 20 கிலோஹெர்ட்ஸ் அருகே 9 டெசிபெலுக்கும் மேல், ஏற்றிப் பதித்தார்கள். சி.டி. பிளேயர் அதைத் தானே இறக்கிவிடும். கணினியில் ரிப் செய்யும் (சி.டி.யைக் கோப்பாக மாற்றும்) மென்பொருள்கள் பலவும் இறக்காது; வயலின் கீச்சென்று குத்தும். ரிப் மட்டும் குத்தி, பிளேயரில் சரியாக ஒலித்தால், கோப்புக்கு, ஏற்றியதை இறக்கும் டீ-எம்ஃபசிஸ் ஃபில்டர் போடுங்கள். சி.டி.யைக் கழிக்க வேண்டாம்.

டவுன்லோடை ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள். 22 கிலோஹெர்ட்ஸில் கோடு கிழித்தாற்போல் எல்லாம் நின்றுவிட்டால், அது சி.டி. தரக் கோப்பை ஊதிப் பெரிதாக்கியதாகவே இருக்கும். டேப்பிலிருந்து நேரடியாக 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்திருந்தால் டேப் இரைச்சலாவது அதற்கு மேலும் தெரியும்.

இரண்டு சி.டி.க்களும் ஒரே மாஸ்டரிலிருந்து (சி.டி. தயாரிக்கும் இறுதிப் பதிவு) வந்தவையா என்று அறிய, இரண்டையும் ஒரு சாம்பிள்கூட (டிஜிட்டல் ஒலியின் மிகச் சிறிய துளி) பிசகாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, அளவைச் சமப்படுத்தி, ஒன்றின் அலைவடிவத்தை மேல்கீழாகத் திருப்பி (Invert), சேர்த்து ஒலிக்க விடுங்கள். முழு மௌனம் என்றால் அட்டைதான் புதிது.

சி.டி.யோடு வரும் சிறுபுத்தகத்தில் மூலம் என்ன என்றும் படியுங்கள். ஆல்பத்துக்காக மறுபடி வாசித்துப் பதிந்ததும் படத்துக்காகப் பதிந்ததும் வேறு வேறு. அவற்றை ஒப்பிட்டுத் தரம் பார்க்க முடியாது. விரிவாக்கப்பட்ட பதிப்புகளில் ஒரு பகுதி மல்டிட்ராக்கிலிருந்தும் (வாத்தியங்களைத் தனித்தனித் தடங்களில் பதித்த டேப்) அடுத்தது மோனோ நகலிலிருந்தும் வருவது சகஜம். ஆகவே பகுதி பகுதியாகக் கேட்டு முடிவெடுங்கள். அழுத்தப்பட்ட ரீமாஸ்டரை, வேறெதிலும் இல்லாத பகுதிகளுக்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.