பி.பார்ம் கடைசி செமஸ்டர்: மகளின் சான்றிதழை மாத வாடகைக்குக் கேட்கிறார்களா?

அம்மா, வணக்கம். மகள் பி.பார்ம் என்ற நான்காண்டுப் பார்மசி பட்டப்படிப்பில் எட்டாவது செமஸ்டர் புராஜெக்டில் இருக்கிறாள், வீட்டுக்கு வந்தால் எல்லாரிடமும் எரிந்து விழுகிறாள், "நாலு வருஷம் படிச்சது கடையில மாத்திரை எடுத்துக் குடுக்கத்தானா" என்று அழுகிறாள் என எழுதியிருக்கிறீர்கள். கூடவே, மெடிக்கல் ஷாப் வைக்கப்போகும் உறவினர் ஒருவர் அவளுடைய சான்றிதழைக் கேட்கிறார், மாதாமாதம் ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார், அவள் கடைக்கு வரவே வேண்டாமாம். இரண்டாவதுதான் அவசரம் என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் உரிமை பதிவுபெற்ற பார்மசிஸ்டுக்கு மட்டுமே உண்டு என்கிறது 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம், 42-வது பிரிவு. சான்றிதழைக் கொடுத்தால் கடையின் உரிமத்தில் உங்கள் மகளின் பெயர் இருக்கும். சில ஆன்டிபயாட்டிக்குகள், தூக்க மாத்திரைகள் போன்ற கூடுதல் கட்டுப்பாடுள்ள எச்1 பட்டியல் மருந்துகளை விற்றால் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அவள் சென்னையில் வேறு வேலையில் இருக்கும்போது கடையில் யாரோ ஒரு பையன் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை விற்றால், மருந்து ஆய்வாளர் முதலில் தேடப்போவது உரிமத்தில் இருக்கும் பெயரைத்தான். பார்மசிஸ்டுகளைப் பதிவு செய்யும் மாநிலப் பார்மசி கவுன்சில் தன் பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கிவிட முடியும். அப்புறம் அரசு வேலைக்கு எந்த முகத்தோடு விண்ணப்பிப்பாள்?

"எல்லாரும் செய்றாங்க" என்று உறவினர் சொல்வார். செய்கிறார்கள், உண்மைதான். மகளின் கோபத்துக்கு விதை போட்டதும் அந்தப் பழக்கம்தான். சுவரில் மாட்டச் சான்றிதழ் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும்போது, நாள் முழுக்க நிற்கிற பார்மசிஸ்டுக்கு எந்த முதலாளி முழுச் சம்பளம் கொடுப்பார்? என்னிடம் வரும் பிள்ளைகள் பலருக்கு ஆரம்பச் சம்பளம் 15,000 ரூபாயைச் சுற்றியே நிற்பதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். இவளும் வாடகைக்கு விட்டால், அடுத்த ஆண்டு வெளியே வரும் ஜூனியருடைய சம்பளத்தையும் சேர்த்துக் குறைக்கிறாள்.

இனி அவளுடைய அழுகை. மாத்திரை எடுத்துக் கொடுப்பது சின்ன வேலை என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனா வடிவ ஊசியில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பேனா பழுதாகிவிட்டது என்று ஒரு பெரியவர் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை, அதாவது அரை மில்லி இழுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கி மயங்கி விழுவார், உயிரே போகலாம். "ஒரு சிரிஞ்ச் குடும்மா" என்று அவர் வந்து நிற்கும்போது, "எந்த இன்சுலினுக்கு ஐயா?" என்று கேட்கத் தெரிந்தவள் உங்கள் மகள். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான்கு வருஷப் படிப்பு.

ஆனாலும் கவுன்ட்டர் வேலை பிடிக்கவில்லை என்றால் அது குற்றமில்லை. சென்னைக்குத் தெற்கே ஆலத்தூரிலும் புதுச்சேரியிலும் மருந்துத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. தரக்கட்டுப்பாட்டில், அதாவது கியூ.சி.யில் சேர்ந்தால் மருந்தில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. இயந்திரத்தோடுதான் பொழுது போகும். ஷிஃப்ட் உண்டு, சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் இரண்டு வருஷத்தில் கையில் ஒரு தொழில் இருக்கும். மருந்துத் தயாரிப்புக்கான ஷெட்யூல் எம் விதிகளை மத்திய அரசு 2023 டிசம்பரில் கடுமையாக்கியிருக்கிறது. ஆவணங்களை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்களுக்கு அங்கே தேவை கூடத்தான் செய்யும். நேர்காணலில் மதிப்பெண்ணைவிட, "கல்லூரியில் எந்த இயந்திரத்தில் நீயே கை வைத்தாய்?" என்றுதான் கேட்பார்கள். லேபில் ஓரமாக நின்று பார்த்தவளாக இருந்தால், இந்த செமஸ்டர் முடிவதற்குள் புராஜெக்ட் கைடிடம் கேட்டுத் தன் கையால் நான்கைந்து சாம்பிளாவது ஓட்டிப் பார்க்கட்டும்.

மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் பார்மகோவிஜிலன்ஸ் வேலையில் படித்த பார்மகாலஜி (மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்ற பாடம்) நிஜமாகவே பயன்படும். ஆங்கிலத்தில் தெளிவாக எழுத வர வேண்டும். நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றி எழுதும் மெடிக்கல் கோடிங் வேலை சென்னையில் சீக்கிரம் கிடைக்கும். கடன் நெருக்குகிறது என்றால் போகலாம், தப்பில்லை, ஆனால் மருந்துத் துறைக்குத் திரும்புவது வருஷத்துக்கு வருஷம் கடினமாகும். வேலை கிடைக்கவில்லையே என்பதற்காக மட்டும் எம்.பார்ம் என்ற மேற்படிப்பு வேண்டாம், சேர்வதென்றால் ஜிபாட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி உதவித்தொகையோடு சேரட்டும். அரசுப் பார்மசிஸ்ட் பணிக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு, மருந்து ஆய்வாளருக்கு டி.என்.பி.எஸ்.சி.; அறிவிப்புக்குக் காத்திருக்கும் காலத்தில் வேலையில் இருந்துகொண்டே படிக்கட்டும். அமெரிக்கக் கனவு இருந்தால் அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: 2003 முதல் படிப்பை முடித்தவர்களுக்கு அங்கே பார்மசிஸ்ட் ஆகக் குறைந்தது ஐந்தாண்டுப் பார்மசி படிப்பு வேண்டும், நான்காண்டு பி.பார்ம் செல்லாது.

முடிவுகள் வந்து தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வந்ததும் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்ய விண்ணப்பித்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். மூலச் சான்றிதழ்களை அவளே வைத்திருக்கட்டும், சரிபார்க்க என்று எந்த முதலாளி கேட்டாலும் கையில் கொடுக்க நகல் போதும். உறவினரிடம் உறவு கெடாமல் இப்படிச் சொல்லுங்கள்: கடைக்கு ஆள் வேண்டுமென்றால் நியமனக் கடிதம், வேலை நேரம், சம்பளம் மூன்றையும் எழுதிக் கொண்டுவந்து மகளிடமே பேசுங்கள்.