வைரத் தோட்டுக்கு மூன்று வரியா, ஒரே வரியா?

காவேரிப்பட்டணத்தில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளுக்கு வைகாசியில் கல்யாணம். வைரத் தோடு ஒரு ஜோடி எடுக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் வைரத்துக்கு 1.5 சதவீதம், தங்கத்துக்கு 3, செய்கூலிக்கு 5 என்று பிரித்துத் துண்டுச்சீட்டில் கணக்கு எழுதித் தந்தார்களாம். தர்மபுரியில் கேட்டால் மொத்தத்துக்கும் 3 சதவீதம் என்கிறார்கள். எது சரி? பழைய சங்கிலி ஒன்றைப் போட்டு எடுத்தால், மீதித் தொகைக்கு மட்டும்தானே வரி? வீட்டுக்காரர் மாங்கூழ் வியாபாரத்துக்கு வைத்திருக்கும் ஜிஎஸ்டி எண்ணில் பில் போடலாமா? பெங்களூரில் வரி குறையுமா? அம்மாவின் பழைய ஏழுகல் தோட்டைப் பிரித்து இளையவளுக்குப் புதிதாகச் செய்யலாமா? இவ்வளவும் ஒரே கடிதத்தில்.

தர்மபுரிக் கடை சொன்னதுதான் சரி, சகோதரி. செய்து முடித்த நகையாக வாங்கும்போது தங்கம், கல், செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்ந்து ஒரே பொருள். அந்த மொத்த விலைக்கு 3 சதவீதம். பில்லில் மத்திய வரி 1.5, மாநில வரி 1.5 என்று இரண்டு வரியாக இருக்கும்.

அப்படியானால் அந்த 1.5, 5 எல்லாம் எங்கிருந்து வந்தன? கடைக்காரர் கற்பனையாகச் சொல்லவில்லை. வேறு இடத்து விகிதத்தை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். 1.5 சதவீதம் என்பது பட்டை தீட்டிய வைரத்தை உதிரிக் கல்லாக வாங்கும்போது வரும் வரி. பட்டை தீட்டாத கல்லுக்கு 0.25 சதவீதம்தான். தீட்டிய கல்லுக்கு 2017 ஜூலையில் 3 ஆக இருந்தது, 2018 ஜனவரியில் 0.25 ஆக இறங்கியது, 2022 ஜூலை 18 முதல் 1.5 ஆனது. கல்லுக்கு 0.25, அதைத் தீட்டும் கூலிக்கு 1.5 என்று இருந்தபோது, கூலிக்குக் கட்டிய வரியைக் கழிக்க வழியில்லாமல் கல் தீட்டும் சூரத் வியாபாரிகளிடம் அது தேங்கிக் கிடந்தது. அதைச் சரிசெய்யத்தான் அந்த மாற்றம். 5 சதவீதம் என்பது நகை வியாபாரி தங்கத்தைக் கொடுத்து, ஆசாரியிடம் வேலையை மட்டும் செய்து வாங்கும்போது கூலிக்குப் போடுவது.

உங்கள் சீட்டை ஒத்த கணக்கு ஒன்றைப் பாருங்கள். தங்கம் 60,000 ரூபாய், வைரம் 42,000, செய்கூலி 8,000. மொத்தம் 1,10,000. சரியான வரி 3,300 ரூபாய். பிரித்துப் போட்டால் 630, 1,800, 400 சேர்ந்து 2,830 வரும். குறைவாக இருக்கிறதே, அங்கேயே எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்காதீர்கள். 470 ரூபாய்க்காக, உதிரிக் கல்லைத் தனியாக வாங்கியதாகச் சொல்லும் ஒரு பில்லை வைத்துக்கொள்வீர்கள். கையில் இருப்பதோ தோடு. நாளை மாற்றப் போகும்போதும் காப்பீடு கேட்கும்போதும் பில்லும் பொருளும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம், வைரம் குறைந்து செய்கூலி ஏறிய நகையில் இதே கணக்கு உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

பழைய சங்கிலி விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாற்றம் அடைகிறார்கள். சங்கிலிக்கு 70,000 ரூபாய் போட்டுக்கொண்டால், மீதி 40,000-க்கு வரி என்று நினைக்கிறோம். இல்லை. புது நகையின் முழு விலையான 1,10,000-க்கும் வரி உண்டு, ஏனென்றால் சங்கிலியும் நீங்கள் கொடுக்கும் விலையின் ஒரு பகுதிதான். ஆக 1,13,300-ல் 70,000 போக நீங்கள் தர வேண்டியது 43,300. ஆனால் உங்கள் சங்கிலியை நீங்கள் விற்பதற்கு ஜிஎஸ்டி கிடையாது, வீட்டு நகையை விற்பது வியாபாரம் ஆகாது. உருக்குக் கழிவு என்று கழித்தால் பேரம் பேசலாம். "பழசுக்கு ஜிஎஸ்டி" என்று 3 சதவீதம் கழித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நகைச் சீட்டுக் கட்டியிருந்து சேதாரத்தில் தள்ளுபடி கிடைத்தால், அது பில்லிலேயே கழிந்து, வரியும் அந்த அளவு குறையும்.

வீட்டுக்காரரின் எண்ணில் பில் போடுவது வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பொருளின் வரியை வியாபாரக் கணக்கில் எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. மகள் கல்யாண நகை மாங்கூழ் வியாபாரச் செலவும் ஆகாது. பின்னாளில் ஆய்வுக்கு வரும்போது எடுத்த வரியை வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

பெங்களூரிலும் அதே 3 சதவீதம். பில்லில் காவேரிப்பட்டண முகவரி எழுதினால் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஐஜிஎஸ்டி 3 என்று ஒரே வரியாக வரும். 2023 அக்டோபர் முதல் அப்படித்தான். முகவரி எழுதாவிட்டால் ஒன்றரை, ஒன்றரை என்று வரும். பயப்பட ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது பில் கைப்பையிலேயே இருக்கட்டும். தேர்தல் நேரமென்றால் ஓசூர் எல்லையில் ஜூஜூவாடி பக்கம் வண்டியை நிறுத்திச் சோதிப்பார்கள்.

பில் இல்லாமல் எஸ்டிமேட் சீட்டில் முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், வைர நகையில் மட்டும் அதற்குச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். தங்கத்தை எந்தக் கடையிலும் உரசிப் பார்த்துவிடலாம். கல்லுக்குப் பில்லும் ஆய்வகச் சான்றிதழும்தான் சாட்சி. ஹால்மார்க்கின் ஆறு எழுத்து-எண் அடையாளம் தங்கத்தின் தரத்தை மட்டுமே சொல்லும், வைரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வைர நகை பெரும்பாலும் 18 காரட் தங்கத்தில் வரும். 750 என்று முத்திரை இருக்கும். அதற்கு 22 காரட் விலை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மொத்த எடையில் கல் எடையைக் கழித்தார்களா என்றும் பாருங்கள்: ஒரு கேரட் வைரம் 0.2 கிராம். இந்த இரண்டிலும் போகும் பணத்துக்கு முன்னால் 3 சதவீத வரி சிறிய தொகை. இயற்கை வைரமா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். நகைக்கு வரி இரண்டுக்கும் ஒன்றுதான், விலை ஒன்றல்ல.

சின்னக் கடைகளில் காம்போசிஷன் திட்டத்தில், அதாவது விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டும் திட்டத்தில், இருப்பவர்கள் உண்டு. கடையில் அந்த அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும். அவர்கள் உங்களிடம் ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கல்யாண நகை எல்லாம் சேர்ந்து 2 லட்சத்தைத் தாண்டினால் பான் எண் கேட்பார்கள், 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கமாட்டார்கள்.

அம்மாவின் ஏழுகல் தோட்டைத் தாராளமாகப் பிரித்துச் செய்யலாம். கல் உங்களுடையது, அதற்கு மறுபடி வரி கட்ட வேண்டியதில்லை. கடை போடும் தங்கத்துக்கும் கூலிக்கும் மட்டும்தான் பில். ஆனால் பழைய கட்டில் கல்லின் அடிப்பக்கம் மூடியிருக்கும், கழற்றினால்தான் உண்மையான எடை தெரியும். அதனால் கழற்றும்போது பக்கத்திலேயே உட்காருங்கள். பதினான்கு கல்லையும் உங்கள் முன்னால் எண்ணி, எடைபோட்டு, "வாடிக்கையாளர் கல்" என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு கொடுங்கள்.