மழைக்கு முன் வாசலில் மொய்க்கும் தேனீக்கள்

வானம் கறுத்ததும் உங்கள் தேனீப் பெட்டி வாசலில் தேனீக்கள் குவிகின்றன, மூடியைத் திறந்தால் கொட்டுகின்றன, கூட்டம் பெட்டியை விட்டு ஓடப்போகிறதோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். வெளிச்சம் மங்கினால் மேயப் போனவை ஒரே நேரத்தில் திரும்பும்; நெரிசல் அதனால்தான். மழை நாளுக்கு முந்தைய மாலையில் அவை கூடுதல் நேரம் வேலை செய்வதை 2016-இல் வெளியான சீன ஆய்வு ஒன்று காட்டியது. முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடுகின்றன!

அந்த நேரத்தில் ஏன் ஐயா மூடியைத் திறந்தீர்கள்? வெளியே போக முடியாத கூட்டம் முழுவதும் உள்ளேதான் இருக்கும், எரிச்சலோடு. தேனீக் குஞ்சுகளான புழுக்களை ஏறத்தாழ 35 டிகிரி வெப்பத்தில் காக்க வேண்டிய நேரத்தில் குளிர்காற்றையும் உள்ளே விடுகிறீர்கள்.

இந்தியத் தேனீ ஓடுவது பெரும்பாலும் பட்டினியாலும் அடையை அரிக்கும் மெழுகுப் பூச்சித் தொல்லையாலும். ஓடுமுன் மகரந்த வரத்து குறையும். அடையில் முட்டையோ இளம்புழுவோ இருக்காது. வெயிலடிக்கும் ஒரு காலை நேரத்தில் இந்த அறிகுறிகள் உண்டா என்று பாருங்கள். தேன் இருப்பு இல்லையென்றால் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகை, பொழுது சாய்ந்தபின் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பகலில் வெளியே வைத்தால் பக்கத்துக் கூட்டங்கள் கொள்ளையிட வந்துவிடும். பெட்டியை வாசல் பக்கம் சற்றே சாய்த்து வைத்தால் மழைநீர் உள்ளே தேங்காது.