ஐயாவுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் (வாசகர் கேள்வி பதில்)

காரைக்குடியில் நாற்பது ஆண்டு ஸ்டூடியோ நடத்தியவர், பழைய புகைப்படங்கள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் ஐயா ரங்கூனில் கொண்டுவிற்கப் போயிருந்தவர். அவருடைய பெட்டகத்தில் ஒரு படம் கிடைத்தது. மூட்டை முடிச்சுகளோடு ஏழெட்டுப் பேர், நடுவில் ஐயா. அட்டையின் பின்னால் பென்சிலில் 'விசு வருஷம் பங்குனி' என்றிருக்கிறது. ஐயாவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி முகப்பில் மாட்டலாம் என்கிறான் மகன். செய்யலாமா?
ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, வெட்டாதீர்கள்.

விசு பங்குனி என்றால் 1942 மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. அந்த மார்ச் 8-ஆம் தேதிதான் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அதற்கு முன்னும் பின்னுமாகச் சுமார் 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். அரக்கான் மலை வழியாகவும், எல்லையூரான தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தே வந்தவர்கள்தான் ஏராளம். காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. உங்கள் படம் புறப்படும்போது எடுத்ததா, வழியில் எடுத்ததா, ஊர் வந்து சேர்ந்த பிறகா? அந்த மூட்டைகளும் பின்னால் தெரிகிற சுவரோ மரமோதான் சொல்ல வேண்டும். ஐயாவின் பெயர் பேரேட்டில் இருக்கும், கோயிலில் குடும்பங்களைப் பதியும் புள்ளிக் கணக்கில் இருக்கும். பக்கத்தில் நிற்பவர்களில் ஒருவர் சமையல்காரராகவோ கூலிக்குப் போனவராகவோ இருந்தால், அவர் இருந்ததற்கு இந்த ஒரு படம்தான் சாட்சியாக இருக்கக்கூடும்.

மெக்சிகோவில் இப்படி ஒரு வெட்டு நடந்தது. 1910-ல் அங்கே புரட்சி வெடித்தது. 1912 ஏப்ரலில் தலைநகர ரயில் நிலையத்தில் எடுத்த படம் ஒன்று. ரயில் பெட்டி வாசலில் கைப்பிடியைப் பிடித்து வெளியே எட்டிப் பார்க்கிறாள் ஒரு பெண். கண்ணில் அப்படி ஒரு தவிப்பு. அவளை மட்டும் வெட்டி எடுத்துப் புத்தகங்களிலும் சுவரொட்டிகளிலும் போட்டார்கள். 'அடேலிட்டா' என்று பெயரும் வைத்து, புரட்சிப் பெண்ணின் முகமே இதுதான் என்றாக்கிவிட்டார்கள். முழுக் கண்ணாடி நெகட்டிவில் அவளோடு வேறு பெண்களும் நிற்கிறார்கள். அவர்கள் போன இடம் தெரியவில்லை. படத்தை எடுத்தவர் பெயரும் மாறிப்போனது. காசசோலா என்ற பெரிய படக்காரர் 1912-ல் ஒரு நிறுவனம் தொடங்கி, நூற்றுக்கணக்கானவர்கள் எடுத்த படங்களைச் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பு இல்லையென்றால் அந்தப் புரட்சியின் முகம் நமக்குத் தெரிந்திருக்காது. அதற்காக அவரைக் கும்பிடலாம். ஆனால் பல நெகட்டிவ்களில் எடுத்தவர் பெயரைச் சுரண்டிவிட்டு அவர் பெயரே ஏறியது. அந்த ரயில் படத்தை எடுத்தவர் ஹெரோனிமோ எர்னாண்டஸ் என்பது, அதை முதலில் போட்ட பழைய செய்தித்தாளைத் தேடிப் பிடித்த பிறகே தெரிந்தது.

நானும் வெட்டியிருக்கிறேன். 1983 வாக்கில் கோட்டையூரிலிருந்து ஒரு குடும்பப் படம் வந்தது. மாப்பிள்ளையை மட்டும் காப்பி எடுத்து, தோளில் கிடந்த வேறொருவர் கையை டச்சிங்கில் அழித்துக் கொடுத்தேன். மூலப்படம் பிறகு கரையானுக்குப் போயிற்று. பல வருடம் கழித்து அந்த வீட்டுப் பேத்தி வந்து, "தோளில் கை போட்டிருந்தது யார்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அது இன்னும் மனதை அறுக்கிறது.

முழுப் படத்தையே பெரிதாக்கி மாட்டுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அப்புறம், ஊரில் எண்பது தாண்டிய பெரியவர்களிடம் காட்டி, யார் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எல்லைச் சண்டைப் படங்களை வரலாறு என்று நம்பலாமா?
கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: நம்பலாம் தம்பி. கேமரா எங்கே நின்றது, எப்போது நின்றது, படத்தை யார் வாங்கினார்கள் என்று கேட்டுவிட்டு நம்புங்கள். 1916 மார்ச் 9 அன்று மெக்சிகோ புரட்சித் தளபதி பாஞ்சோ வில்லாவின் ஆட்கள் எல்லை தாண்டி அமெரிக்காவின் கொலம்பஸ் என்ற சிற்றூரைத் தாக்கினார்கள். அமெரிக்க எல்லை நகரான எல் பாசோவில் வால்டர் ஹார்ன் என்று ஒரு படக்காரர், காச நோய்க்கு வறண்ட காற்று தேடி வந்தவர். அவர் எரிந்த கட்டடங்களையும் பட்டாளத்தையும் எடுத்து, தபால் அட்டையாகவே அச்சடித்து விற்றார். மும்முரமான நாட்களில் தினம் 5,000 அட்டை வரை. வாங்கியவர்கள் பெரும்பாலும் எல்லையில் குவிந்த அமெரிக்கச் சிப்பாய்கள். எரிந்த கட்டடம் பொய்யில்லை. ஆனால் அது ஒரு கரையிலிருந்து பார்த்த ஆறு.

நம் பக்கமும் உண்டு. லக்னோ சிக்கந்தர் பாகில் எலும்புகள் சிதறிக் கிடக்கும் படம், பீட்டோ என்ற படக்காரர் 1858-ல் எடுத்தது. சிப்பாய்க் கலகத்தில் அங்கே சண்டை நடந்ததோ 1857 நவம்பரில். அன்றைய காட்சி என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். வென்ற ஆங்கிலேயர்கள் எதைக் காட்ட விரும்பினார்கள் என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

கேள்வி: பழைய படங்களை லேமினேட் செய்யலாமா?
வாசகர், பள்ளத்தூர்

பதில்: வேண்டாம். ஒட்டிய பிறகு பிரிக்க முடியாது. பின்னால் எழுதப் பேனா வேண்டாம், மெத்தென்ற பென்சில் போதும். காகித உறையில் போட்டு, ஓதம் ஏறாத இரண்டாங்கட்டு அலமாரியில் வையுங்கள். மூலப்படத்தை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். அதற்குக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.