மாமியின் குசினியை வரையலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. அப்பா பருத்தித்துறை, அம்மா மாத்தறைச் சிங்களவர். வெள்ளவத்தையில் மாமியோடு இருக்கிறோம். பிள்ளைகள் படுத்த பிறகு சாப்பாட்டு மேசையில் படம் வரைகிறேன். திருவலை, சுளகு, புகை படிந்த சுவர், மாமியின் கை, இவைதான் என் படங்கள். 'வீட்டுக் குசினியை ஊருக்குக் காட்டவா?' என்று மாமி கோபிக்கிறார். கலைக்கூடம் நடத்தும் ஒருவரோ, 'குசினி எல்லாரும் வரைவதுதான். நீங்கள் இரண்டு இனத்துக்கும் பிறந்தவர், அதை வரையுங்கள்' என்கிறார். நான் எதை வரைவது? உண்மையில் நான் எந்தப் பக்கம்?

பதில்: தங்கச்சி, அந்தக் கலைக்கூடக்காரர் கேட்பது பனைமரமும் சிங்கமும் கைகோத்து நிற்கிற படம். விற்கும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் அப்படி எதுவும் நிற்கவில்லையே.

நீங்கள் குசினி என்று எழுதுகிறீர்கள், உங்கள் அம்மா குஸ்ஸிய என்பார். இரண்டும் போர்த்துக்கீசரிடமிருந்து வந்த ஒரே சொல். மேசையும் அலுமாரியும்கூட அப்படித்தான், இரண்டு மொழியிலும். இத்தனை சண்டை பிடித்தவர்கள் சமைக்கப் போவது மூன்றாம் ஆளிடம் கடன் வாங்கிய ஒரே பெயருள்ள அறைக்குள். நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். சம்பலுக்கு இடிக்கிற காய்ந்த மீனை நீங்கள் மாசி என்கிறீர்களா, உம்பலகட என்கிறீர்களா? மாமி வாசலில் வந்து நின்றால் அது மாறுகிறதா? கலைக்கூடக்காரர் சொல்கிற 'அதை' நீங்கள் ஏற்கனவே குசினிக்குள் வைத்துத்தான் வரைந்துகொண்டிருக்கிறீர்கள்.

எல்லாரும் வரைவது என்றாரே, மோனா ஹத்தூமைப் பாருங்கள். 1952 இல் பெய்ரூத்தில் பிறந்த பலஸ்தீனப் பெண். 1975 இல் லண்டனுக்குப் போன இடத்தில் லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்க, திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1999 இல் அவர் செய்த 'ஹோம்' என்ற படைப்பில் ஒரு நீள மேசை, அதன் மேல் உலோகச் சமையல் சாமான்கள். எல்லாவற்றையும் மின்கம்பியால் இணைத்திருக்கிறார். சாமான்களுக்குள் மின்குமிழ்கள் எரிந்து மங்குகின்றன, மின்சாரம் இரைகிறது. நாம் கிட்டப் போகாதபடி குறுக்கே கம்பிவேலி. இனம், நாடு என்ற பேச்சே இல்லை. ஒரு துருவியைத் தொடப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கொழும்பில் பிறந்த அனோலி பெரேராவின் புகைப்பட வரிசை ஒன்று இருக்கிறது, 2010-11 இல் செய்தது. பழைய ஸ்டூடியோப் படங்களில் போலப் பெண்கள் ஒழுங்காக இருக்கிறார்கள், முகத்தைக் கூந்தல் மூடியிருக்கிறது. 'நீ எந்தப் பக்கம்' என்று கேட்பவருக்கு அப்படியும் பதில் சொல்லலாம்.

சரி, மாமி. இங்கே நான் முழுக்க உங்களோடு இல்லை. அது அவருடைய குசினியும்தான், அது அவருடைய கை. வரைவதற்கு முன் கேட்டீர்களா? கேட்டதாக எழுதவில்லை. மாமிக்கு 60 தாண்டியிருந்தால், காடையர்கள் வாக்காளர் பட்டியலோடு தமிழர் வீடுகளைத் தேடி வந்த 1983 ஜூலை அவருக்கு நினைவிருக்கும். கொழும்பில் அந்த வயதுத் தமிழருக்கு வீட்டை வெளியாருக்குக் காட்டுவது வெறும் மானப் பிரச்சினை இல்லை. ஒருநாள் அவர் தேங்காய் திருவும்போது பக்கத்தில் இருந்து பென்சிலால் மட்டும் வரைந்து, படத்தை முதலில் அவரிடம் கொடுங்கள். வேண்டாம் என்றால் கையை விட்டுவிடுங்கள். இருந்து இருந்து தேய்ந்த திருவலைப் பலகை போதும், கை அதிலேயே இருக்கிறது.

அப்புறம், கடிதத்தில் கணவர் ஒரு வரியிலும் இல்லை. பிள்ளைகளைப் படுக்க வைக்க அவருக்கும் தெரியும்தானே? கிழமையில் இரண்டு இரவாவது அந்த மேசை எட்டு மணிக்கே உங்களுக்குக் கிடைக்கட்டும்.

கலைக்கூடத்தை நம்பியும் இருக்க வேண்டாம். 1993 இல் தொடங்கிய கலா பொல என்ற ஓவியச் சந்தை கொழும்பில் கிரீன் பாத் வீதியோரம் நடக்கிறது, அதற்கு விண்ணப்பியுங்கள். சந்தைக்குப் போகிற மாதிரி இரண்டு பக்கத்து ஆட்களும் வருவார்கள். திருவலைப் படத்தை முன்னால் மாட்டுங்கள். மாமி வரச் சம்மதித்தால் கதிரை ஒன்றும் கொண்டு போங்கள், நாள் முழுக்க நிற்க வேண்டிவரும்.